அக்கா எடுத்துப் போன கல்

படத்திறப்பு முடிந்து எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பெரியப்பா படத்துக்கு ஆளுயர ரோஜா மாலை, வந்தவர்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு, போகும்போது கையில் ஒரு பெட்டி பால்கோவா. குறை சொல்ல ஒன்றுமில்லை. வழியில் பேசிக்கொள்ள ஒரு விஷயமும் கிடைத்தது உங்களுக்கு. "பாத்தியளா, அந்த அக்கா பெரியப்பா ஞாபகமா அந்தக் கல்லைத் தூக்கிட்டுப் போறாளே, அம்புட்டுப் பாசம்!" என் காதுபட இரண்டு பேர் சொன்னீர்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைக்கூட ஒற்றிக்கொண்டாள்.

பாசமாம்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. துக்க வீட்டில் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது என் வீட்டில் இருக்கிறேன். நாம் எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே தெருவில் ஓடி விளையாடியவர்கள். இன்றைக்கு ஐம்பதைத் தாண்டி மூட்டுவலித் தைலத்தின் பெயரை ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்கிறோம். இனி யாருக்குப் பயந்து நான் வாயை மூட வேண்டும்? அந்தக் கல் யாருடையது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு கண்ணைத் துடையுங்கள்.

பெரியப்பா மகன் மைக்கில் பேசியது நினைவிருக்கும். "எங்கப்பா அஞ்சாங் கிளாஸு தாண்டாதவரு. ஆனா பூமிக்கு அடியில என்ன நடக்குன்னு பால் சட்டியிலயே காட்டிருவாரு. பெரிய பெரிய ஆபீசருங்கல்லாம் வாயைப் பொளந்து பாப்பாக." நீங்கள் கைதட்டினீர்கள். பிறவி அறிவு என்றார் ஒருவர். அந்தப் பிறவி அறிவு பிறந்த நாளன்று நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், ஆனியும் ஆடியும். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என் கூடப்பிறந்த அக்கா ராஜபாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுக்குப் பிடித்த பாடப்பிரிவு அங்கேதான் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். ஷிப்ட் முடிந்த மில் பெண்களோடு சாயங்காலம் திரும்புகிறபோது அவள் தலையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன்.

நாங்கள் பெரியப்பா வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அண்ணன் அவர். பால்கோவா போடுகிற கொட்டகை அவருடையது. அப்பா அதில் அடுப்படி ஆள். தம்பி என்ற பெயர் உண்டு, பங்கு என்று ஒன்று கிடையாது. கொட்டகையில் நுழைந்ததுமே அடுப்பில் எரிகிற முந்திரிக்கொட்டைத் தோட்டின் புகை கண்ணைப் பிடுங்கும். வேறு விறகு கூடாது, அந்தத் தோட்டுத் தீதான் சட்டிக்கடியில் ஒரே சீராக நிற்கும் என்பார்கள். புகைக்கு மேலே காய்ந்த பாலின் வாசனை. இன்றைக்கும் எங்காவது பால் பொங்கினால் எனக்குக் கண் எரிகிறது.

அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு சட்டம்தான். பால் சட்டியில் விழுந்துவிட்டால் அதைக் கிண்டுகிற துடுப்பு நிற்கக்கூடாது. நின்றால் மேலே ஏடு கட்டும், அடியில் பிடிக்கும். ஆள் மாறும்போதுகூட நிறுத்தமாட்டார்கள். கிண்டுகிறவர் கைக்குக் கீழே அடுத்தவர் துடுப்பைப் பிடித்து, கூடவே நாலு சுற்று சுற்றி, அதன்பிறகுதான் முதல் ஆள் கையை எடுப்பார். இரும்புச் சட்டியில் துடுப்பு உரசுகிற சத்தம் விடிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வீட்டுக்குள்தான் அக்கா ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போனபோது ஆற்றில் எடுத்தது. உடைத்த தேங்காய் மூடி அளவு இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக வரி, அந்த வரிகள் நேராக ஓடாமல் சேலைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து கிடக்கும். நாகர்கோவில் பக்கத்து டீச்சர் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு அவளிடம் என்ன சொன்னாளோ, அன்றிலிருந்து அக்காவுக்குக் கல் பைத்தியம். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பாள். ஒருநாள் அம்மா அதில் மிளகு தட்டிவிட்டாள் என்று இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

"ஏட்டி, கல்லு எப்படி மடியும் சொல்லு?" என்பாள் என்னிடம்.

"எனக்கென்ன தெரியும்? தூங்க விடு."

"முதல்ல பூமி பூராவும் உருகிக் கெடந்துச்சாம். மேல ஆறி ஏடு கட்டுச்சு. அது உடைஞ்சு, அடியில போயி, திரும்ப உருகி, அப்படியே பல தடவை. லேசான கல்லு மேலேயே தங்கித் தரையாச்சு. நம்ம தேசமே ஆப்பிரிக்காவோட ஒட்டிக் கெடந்து பிச்சுக்கிட்டு வந்ததுட்டி. நம்ம மேற்கு மலை இருக்குல்லா, அது அப்படிக் கிழிஞ்சதோட ஓரம்."

"இப்பவும் போகுதா?"

"போகுது. நகம் வளர்ற வேகத்துல."

எனக்குப் பாதி புரியாது. ஆனால் அவள் சொல்லும்போது படுத்திருக்கும் பாய் லேசாக அசைவதுபோல் இருக்கும். அதைவிட, அவள் முகம் எனக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அப்படி ஒரு முகம் இல்லை.

திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. டீச்சர்தான் வழி சொல்லிக்கொடுத்தாள். ஆனால் எங்கள் வீட்டில் காது குத்துவதானாலும் பெரியப்பா தலையசைக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் கொட்டகை வாசலில் வேலைக்காரர்கள் எல்லாம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா போய் நேரே கேட்டுவிட்டாள். அப்பா பக்கத்தில் நின்றார், துண்டை முறுக்கிக்கொண்டு.

"கல்லைப் பத்திப் படிக்கியா? அம்மி கொத்தவா?" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேசினால் சிரிக்க வேண்டும், அதுவும் வேலையில் சேர்த்தி.

"பூமியைப் பத்தி பெரியப்பா. மலையெல்லாம் நகருது. ஒரு வருசத்துக்கு நகம் வளர்ற அளவு."

"நகத்தை வெட்டிட்டா மலை நின்னுருமா?"

மறுபடியும் சிரிப்பு. அக்கா அசையவில்லை. "நெசமாவே நகருது பெரியப்பா. நான் காட்டுதேன்," என்றாள்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சரி. எல்லாரும் கேட்டுக்கங்கலே. யாரும் தொடாம, காத்தும் அடிக்காம தரை நகரும்னு இவ எனக்குக் காட்டட்டும். காட்டிட்டா நானே பஸ் ஏத்தித் திருச்சிக்கு அனுப்புதேன். இது எஞ்சொல்லு." சொன்னது அவர். கேட்டது அத்தனை பேரும்.

அக்கா மூன்று நாள் அடுப்படியிலேயே உட்கார்ந்து டீக்குக் காய்கிற பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திட்டினாள். நான்காம் நாள் பெரியப்பாவிடம் போய், சட்டியில் துடுப்பைச் செத்த நேரம் நிறுத்தினால் காட்டிவிடுவேன் என்றாள். கொட்டகையில் துடுப்பை நிறுத்துவதா! யாரோ "ஆத்தாடி" என்றார்கள். பெரியப்பா ஒத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. எவ்வளவு ஏமாளி நான்.

ஆடிப்பூரக் கூட்டத்துக்காகச் சரக்கு போட்டுக்கொண்டிருந்த நாள் அது. சாரல் காற்று உள்ளே வராமல் கதவைச் சாத்தினார்கள். சட்டியில் பால் பாதி சுண்டியிருந்தது. அப்பா துடுப்பில். பெரியப்பா முக்காலி போட்டுச் சட்டிக்கு முன்னால். அக்கா தாவணி முனையில் கல்லை முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள்.

"அப்பா, தீயைக் கொஞ்சம் குறைங்க," என்றாள்.

அப்பா அடுப்பிலிருந்து முந்திரித் தோட்டை வெளியே இழுக்கக் குனிந்தார்.

"ஏலே, கையை எடு," என்றார் பெரியப்பா. "பூமிக்கு அடியில யாருட்டி தீயைக் குறைக்கா?"

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். நல்ல கேள்வி, நானும் ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு வாய் உண்டு.

"அடி பிடிச்சிரும் பெரியப்பா."

"பிடிச்சா நான் பாத்துக்கிடுதேன். நீ காட்டு."

அப்பா துடுப்பைத் தூக்கினார். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் நின்றுபோனது. பாலின் மேல் மெல்ல ஏடு படர்ந்தது, சுருக்கமே இல்லாமல், மஞ்சளாக. பிறகு நடுவில் லேசாக உப்பி அது இரண்டாகப் பிளந்தது. பிளந்த பாதிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சட்டியின் ஓரத்துக்கு நகர்ந்தன. நடுவில் புது ஏடு கட்டியது. அதுவும் பிளந்தது.

"தொட்டேனா? காத்து அடிக்கா?" என்றாள் அக்கா. "அடியில சூடு மேல வருது, அதுதான் இழுத்துட்டுப் போகுது. நடுவுல புதுத் தரை உண்டாகுது. ஓரத்துல முட்டி மடிப்பு மடிப்பா எந்திரிக்குல்லா, அதுதான் இமயமலை. இந்தா, இந்தப் பக்கம் ஒண்ணு இன்னொண்ணுக்கு அடியில சொருகுது பாருங்க."

"எம்மா, நகருதே!" என்றார் பால் ஊற்றுகிறவர்.

பெரியப்பா குனிந்தார். ஆவி பட்டு அவர் கண்ணாடி மங்கியது. அதைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னும் குனிந்தார். வாய் திறந்திருந்தது. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தார். புரிந்துகொண்டார். கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

"இது ஏடு மட்டுந்தான் பெரியப்பா," என்றாள் அக்கா. தாவணி முடிச்சை அவிழ்த்துக் கல்லைக் கையில் எடுத்தாள். "முக்கியமானது இனிமேத்தான். நெசப் பூமியில அடியில இருக்கது பால் மாதிரி..."

அப்போது அந்த வாடை வந்தது. தீய்ந்த பாலின் வாடை.

பெரியப்பா விருட்டென்று எழுந்தார். "போச்சு. திருவிழாச் சரக்கு போச்சு."

"பெரியப்பா, நான் இன்னும் முடிக்கல."

"முடிஞ்சு போச்சுட்டி."

"நகர்றதைப் பாத்தியள்லா? எல்லாரும் பாத்தாகள்லா?"

"நான் என்னத்தப் பாத்தேன்? பால் தீய்ஞ்சதைத்தான் பாத்தேன். வீட்டுச் சரக்கைத் தீச்சவ வெளியூரு போயி என்னத்தத் தீப்பாளோ." கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நகருதே என்று கத்தினவர்கூட அடுத்த பால் குடத்தைத் தூக்கப் போய்விட்டார். அவரவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். சட்டியை இறக்க அக்கா ஓடினாள். அந்தத் தள்ளுமுள்ளில் கல் எங்கேயோ விழுந்தது. மறுநாள் சாம்பல் மேடு முழுக்க இரண்டு பேரும் கிளறினோம். கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் முழுக்க அப்பா தலை நிமிராமல் அந்தச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பாவம், அண்ணனை எதிர்க்க முடியாதவர் என்று அப்போது அழுதேன். இப்போது அந்த அழுகை எனக்கு வருவதில்லை. பாலின் நிறத்தைப் பார்த்தே எப்போது பிடிக்கும் என்று தெரிந்த மனுஷன், அந்த ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளையைத் தூரமாக அனுப்ப அவருக்கும் மனதில்லை. வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் தப்பிக்க அந்தத் தீ அவருக்கு வசதியாகப் போயிற்று. அப்பா படத்துக்கு நான் இன்றைக்கும் விளக்கேற்றுகிறேன். ஏற்றும்போது இதையும் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். வத்திராயிருப்பு. வயலும் தென்னையும் உள்ள வீடு. அத்தான் நல்லவர், ஒரு சொல் கடுத்துப் பேசினதில்லை. அதனால் பெரியப்பா செய்தது சரியென்று ஆகிவிடுமா? "நல்ல இடத்துலதானே குடுத்தாரு" என்று உங்களில் எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்! அந்த வீட்டு வாசலில் நின்றால் மலை நேர் எதிரே நிற்கிறது. முப்பது நாற்பது வருஷமாக அவள் நெல்லைக் காயப்போடுவதும் அதைப் பார்த்துக்கொண்டுதான்.

தொண்ணூறுகளில் ஒருதரம் கைக்குழந்தையோடு ஊருக்கு வந்தேன். கொட்டகைக்கு முன்னால் கண்ணாடி போட்ட கடை வந்திருந்தது. உள்ளே பெரியப்பா ஒரு பேங்க் ஆபீசரைச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். துடுப்பு நின்றிருந்தது. தீயை மட்டும் ஒழுங்காகக் குறைத்து வைத்திருந்தார்.

"தொட்டேனா சார்? காத்து அடிக்கா?" அக்கா சொன்ன அதே சொல், அதே வரிசை. "பூமிக்கு அடியிலயும் இதே கணக்குத்தான். பால் மாதிரி கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு."

"நீங்களேவா கண்டுபிடிச்சீங்க?" என்று ஆபீசர் வியந்தார்.

"எல்லாம் அனுபவந்தான் சார்."

என்னைப் பார்த்தார். கண்கூடச் சிமிட்டவில்லை. "ஏட்டி, எப்ப வந்த? பிள்ளைக்குக் கோவா எடுத்துக்க." அந்தக் கோவாவை பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய்க்குப் போட்டேன். பேர்பெற்ற ராஜபாளையம் நாய் ஒன்றுமில்லை, சொறி பிடித்த தெரு நாய். அக்காவிடம் இதை நான் சொல்லவே இல்லை. அவள் வயிறும் எதற்கு எரிய வேண்டும்?

ஆக, படத்திறப்பு அன்று மைக்கில்தான் அவள் அதை முதன்முதலாகக் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அதோடு விட்டானா பெரியப்பா மகன்? படத்துக்கு முன்னால் மேஜையில் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினான். கண்ணாடி, துண்டு, பழைய துடுப்பு. அப்புறம் சந்தனமும் குங்குமமும் அப்பிய ஒரு கல்.

"இது அப்பாவோட ராசிக் கல்லு. அய்யனார் கோவில் கல்லு. ஒரு ஆடிப்பூரத்தப்ப அடுப்படியில தானா கெடச்சுது. அன்னையில இருந்துதான் கடை தலையெடுத்துச்சு. சரஸ்வதி பூசை தவறாம அப்பா பொட்டு வைப்பாரு."

தானாகக் கிடைத்ததாம்! அக்கா என் கையை உதறிவிட்டு எழுந்தாள். நீங்கள் பார்த்தது அங்கேயிருந்துதான். மேஜைக்குப் போனாள். கல்லை எடுத்தாள். முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். "சாமிக் கல்லைத் தொடைக்காளே" என்று பெண்கள் பக்கம் முணுமுணுத்தது. குங்குமம் போனதும் கறுப்பும் வெள்ளையுமாக அந்த மடிப்பு தெரிந்தது. கல்லைப் படத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவள் ஏதோ சொன்னாளே, என்ன என்று ஒருவராவது கேட்டீர்களா? மைக் தூரத்தில் இருந்தது, உங்களுக்கு மின்விசிறி சத்தம். நான் பின்னாலேயே போயிருந்தேன். எனக்குக் கேட்டது.

"அடியில இருக்கது பால் இல்ல பெரியப்பா. பாறை. கெட்டிப் பாறை. சூட்டுல, கோவா இறுகி வரும்லா, அந்த மாதிரி மெல்ல மெல்ல இழுபடும். கோடி கோடி வருசம் ஆகும். இந்தா, இந்தக் கல்லு உடையாம மடிஞ்சிருக்குல்லா, அதுதான் சாட்சி. இதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்க எந்திரிச்சுப் போயிட்டிய."

அவர் திருடியதும் பாதிதான். மீதியைக் கேட்கப் பொறுமையில்லாமல் போனவர், கேட்காத அந்த மீதிக்கு முப்பது நாற்பது வருஷம் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்.

அப்போதுதான் பெரியப்பா மகன் மைக்கில் சொன்னான்: "எங்க அக்காவுக்கு அப்பா மேல அம்புட்டுப் பாசம். அவரு ஞாபகமா கல்லை எடுத்துட்டுப் போறாக. நல்லா எடுத்துட்டுப் போகட்டும்." நீங்கள் கைதட்டினீர்கள். அவளுடைய கல்லை அவளுக்கே தானமாகக் கொடுத்தான், அதற்குக் கைதட்டு!

பஸ் ஸ்டாண்டில் நான் கோபத்தில் குதித்தேன். திரும்பிப் போவோம், எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்போம் என்றேன். அக்கா வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். கூடைக்குள் கல்.

"விடுட்டி. நான் சொல்லி முடிச்சிட்டேன்லா," என்றாள். அந்தப் பழைய முகம் வந்திருந்தது.

பஸ் போய்விட்டது. அவள் முடித்துவிட்டாள், நல்லது. நான் முடிக்கவில்லை. அடுத்த வருஷம் தலைத்திவசத்துக்கும் நம்மையெல்லாம் கூப்பிடுவார்கள். கட்டாயம் வருவேன். மைக்கை என் பக்கத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.